கறையானின் அறுவடை

புரட்டாசியில் பகலெல்லாம் புழுங்கி, மாலையில் மேற்கே கருக்கூட்டி, இடிமுழக்கத்துடன் இரண்டொரு பாட்டம் மழை பெய்து ஓய்ந்தால், மேய்ச்சல் நிலத்தின் ஒவ்வொரு மேட்டையும் அறிந்த கிராமத்து ஜனங்கள், புற்றுக்காளான் தலைகாட்டிவிட்டதா என்று விடியற்காலையிலேயே போய்ப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். சிப்பிக்காளானையும் பால்காளானையும் கொட்டகையில் வளர்த்து ஆண்டு முழுவதும் சந்தைக்கு அனுப்புகிற நமக்கு, இந்தக் காளானை அவ்வாறு விளைவிக்கும் வித்தை இன்னும் கைவரவில்லை. ஆகையால்தான் இதற்கென்று ஒரு பருவமும், அப்பருவத்தை எதிர்நோக்கும் ஆவலும் எஞ்சியிருக்கின்றன. அந்த வித்தை கறையானுக்குத் தெரியும்; ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளாக அது இந்த விவசாயத்தைச் செய்து வருகிறது.

உலர்ந்த இலையையும் மரத்தையும் தின்ற கறையான், அவற்றை முழுதும் ஜீரணிக்காமலேயே புற்றின் உள்ளறையில் கழிவாக இட்டு, கடற்பஞ்சைப் போலத் துளைகள் நிறைந்த படுக்கையாகக் கட்டுகிறது. அதில் ஊடுருவிப் பரவும் பூஞ்சண இழைகள், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற கடினமான பொருளைச் சிதைத்து, படுக்கையின் மேல் ஊசித்தலை அளவே உள்ள வெண்மணிகளாகத் திரள்கின்றன; இம்மணிகளும், பின்னர் பக்குவமடைந்த படுக்கையுமே அக்குடும்பத்தின் ஆகாரம். லின்னேயஸின் மாணவரும் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவருமான கோனிக், தஞ்சைச் சீமைக் கறையான்களைப் பற்றி 1779-இல் வெளியிட்ட கட்டுரையில் இப்படுக்கைகளையும் வர்ணித்தார். 1942-இல் பிரெஞ்சு விஞ்ஞானி ரோஜர் ஹைம் இக்காளான்களுக்கு டெர்மிட்டோமைசெஸ் என்று பேரினப் பெயர் சூட்டினார். சென்னைப் பல்கலைக்கழகத்து நடராஜன், தென்னிந்தியாவில் கண்ட ஓர் இனத்துக்கு 1979-இல் அந்த ஹைமின் பெயரையே இட்டார்.

மழைக்காலத்தில் ஈசல் புறப்படுவதை யாவரும் பார்த்திருக்கிறோம். பெரும்பாலான இனங்களில் ஈசல்கள் பூஞ்சணத்தின் வித்தைத் தம்முடன் எடுத்துச் செல்வதில்லை. சிறகுதிர்ந்த ஜோடி மண்ணுக்குள் புகுந்து, முட்டையிட்டு, அதன் முதல் வேலைக்காரக் கறையான்கள் வளர்ந்து இரைதேடி வெளிவரும் சமயத்தில், பழைய புற்றுகளின் மேல் காளான் விரிந்து வித்துக்களைத் தூவுகிறது; புதிய குடும்பம் தன் விவசாயத்துக்கு வேண்டிய விதையை அங்கிருந்தே பெறுகிறது. இப்பொருத்தத்தை எண்ணும்போதெல்லாம் எனக்கு அளவற்ற வியப்பு உண்டாகிறது.

இடி இடித்தால் காளான் பூக்கும் என்ற நம் ஜனங்களின் நம்பிக்கையையும் புறக்கணிப்பதற்கில்லை. ஜப்பானில் இவாத்தே பல்கலைக்கழகத்தார் மரக்கட்டைகளில் வளரும் சில காளான்களுக்கு மின்னலை ஒத்த உயர் மின்னழுத்தத்தைக் கணப்பொழுது பாய்ச்சி, விளைச்சல் பெருகக் கண்டிருக்கிறார்கள். புற்றுக்காளானுக்கும் அது பொருந்துமென்று இதைக் கொண்டே சாதிக்கலாகாது.

தேடிச் செல்பவர் அடையாளத்தில் சிறிதும் அலட்சியம் காட்டலாகாது. புற்றுக்காளானின் குடை நடுவே கூரிய முனையொன்று இருக்கும். கெட்டித்த மண்ணைத் துளைத்து வருவது அதுதான். தண்டு மண்ணுக்குள் வேர்போல் நீண்டு படுக்கைவரை இறங்கியிருக்கும். குடையை வெள்ளைக் காகிதத்தில் ஓரிரவு கவிழ்த்து வைத்தால் இளஞ்சிவப்பு நிற வித்துத்தூள் படியும். புல்வெளிகளில் முளைத்து, உண்டவரை வாந்தியால் வதைக்கும் ஒரு வெண்காளானோ பச்சைத்தூளை உதிர்க்கும். ஆனால் இளஞ்சிவப்புத்தூள் ஒன்றே போதிய சான்றாகாது, வேறு காளான்களிலும் அது உண்டு. வெள்ளிக்காசு கறுத்தால் விஷம், பூச்சி அரித்தால் நல்லது என்னும் அபிப்பிராயங்கள் முற்றிலும் பொய். அமானிட்டா இனங்கள் சிலவற்றின் விஷம் கொதிக்க வைத்தாலும் அழியாது. உண்டு 6 மணி நேரத்துக்குப் பிறகே குணங்காட்டி, ஈரலைக் கெடுத்து உயிரைக் கவரும். பல்லாண்டு பறித்துப் பழகியவர் கையில் காட்டி, அவர் தயங்கினாலும் எறிந்துவிடுவதே முறை.

ஒரே இடத்தில் ஆண்டுதோறும் காளான் பூப்பது, மண்ணுக்கடியில் அந்தக் குடும்பம் உயிரோடிருப்பதனால்தான். அடிவேர்வரை வேண்டுமென்று கடப்பாரையால் புற்றைப் பிளப்பவர்களையும், நிலத்தைச் சமன்படுத்தும் ஆத்திரத்தில் புற்றுகளை இயந்திரங்கொண்டு வாரித்தள்ளுபவர்களையும் காணும்போது நெஞ்சு பதைக்கிறது. இவ்வாண்டு புறப்படுகிறவர்கள், தண்டை மண்மட்டத்தில் பிடித்து மெல்ல அசைத்து எடுத்து, நன்றாக விரிந்து முதிர்ந்தவற்றை வித்துதிர அங்கேயே விட்டுவர வேண்டுகிறேன்.