கோழிக்குஞ்சு திருடன் யார்? வாலைப் பார்த்தால் தெரியும்!

மாங்காடு பக்கம் வானத்தில் எது வட்டமிட்டாலும், "ஐயையோ, கழுகு!" என்றுதான் கூச்சல் கிளம்பும். கோழி வளர்ப்பவர்கள் உடனே கல்லைத் தேடுவார்கள்.

வட்டமிடுவது பெரும்பாலும் கழுகே அல்ல, பருந்து! பிணந்தின்னிக் கழுகு தமிழ்நாட்டில் மிச்சமிருப்பது முக்கியமாக நீலகிரி மாவட்டம் மோயாறு பள்ளத்தாக்கில்தான். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளைக் கூண்டோடு அழித்தது. கால்நடைகளுக்கு அந்த மருந்து தர 2006-ல் தடை வந்தது.

அங்க அடையாளம்

இறைச்சிக்கடை, குப்பைமேடு என்று சுற்றும் ஆசாமி கரும்பருந்து. கள்ளப்பருந்து என்றும் பெயர். உடம்பெல்லாம் மங்கிய பழுப்பு. துப்பு வாலில் இருக்கிறது: மீன் வால் போல நுனி பிளந்திருக்கும். குஞ்சு காணாமல் போனால் முதல் சந்தேகம் இவன் மேல்தான்!

செம்பருந்துக்குத் தலையும் மார்பும் வெள்ளை. மற்ற உடம்பு செங்கல் நிறம், இறக்கை நுனி கறுப்பு, வால் நுனி வளைவாக இருக்கும். மீன், நண்டு, தவளை கிடைக்கும் ஏரிப் பக்கம்தான் இதற்குப் பிடிக்கும். இதுதான் கருடன். காமாட்சி அம்மன் கோயில் கோபுரத்துக்கு மேலே வந்தால் பக்தர்கள் கன்னத்தில் போட்டுக் கொள்வார்கள்.

இங்கேதான் வம்பு! இளம் கருடனுக்கு வெள்ளைத் தலை கிடையாது. அசல் கள்ளப்பருந்து மாதிரி பழுப்பாக இருக்கும். வாலைக் கவனிக்காவிட்டால் கும்பிட்ட கையே கல்லெறியும். (சமயம் கிடைத்தால் கருடனும் குஞ்சைத் தொடும். வயிறு என்று ஒன்று இருக்கிறதே!)

புறா அளவில், மேலே சாம்பல், மார்பில் செம்பழுப்புக் கோடுகள் என்றால் அது வல்லூறு. மரத்தில் பதுங்கியிருந்து ஓணான், குருவி மீது சட்டென்று பாயும்.

அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கிறதா? வெள்ளை வயிறு, கறுத்த தோள், சிவந்த கண்ணா? அது கருந்தோள் பருந்து. எலிதான் இதற்குப் பிரதான சாப்பாடு. இதன்மேல் கல் விட்டால் எலிகளுக்குக் கொண்டாட்டம்!

ஜெயில் உண்டு

எந்தப் பருந்தானாலும் அடிப்பதும் பிடிப்பதும் 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஜெயில், அபராதம் இரண்டும் உண்டு.

குஞ்சுகள் கொஞ்சம் பெரிதாகும் வரை பஞ்சாரத்தைக் கவிழ்த்து வைத்தால் போதும். மேயவிட வேண்டுமானால் மேலே ஒரு பழைய மீன்வலையைக் கட்டிவிடலாம்.