யோகோசுனா ஜப்பான்காரரே இல்லை, தெரியுமா?

பள்ளி நாட்களில் டபிள்யூடபிள்யூஎஃப் மல்யுத்தச் சீட்டுக்கட்டு விளையாடியவரா நீங்கள்? கொஞ்சம் உட்கார்ந்துகொண்டு படியுங்கள். கையில் யோகோசுனா சீட்டு வந்தால் யோசிக்காமல் 'வெயிட்!' என்று கத்துவோமே, இருநூறு கிலோவைத் தாண்டிய அந்தச் சுமோ மலை, ஜப்பான்காரரே இல்லை! பிறந்தது சான் பிரான்சிஸ்கோ, பூர்வீகம் பசிபிக் தீவான சமோவா, நிஜப்பெயர் ராட்னி அனோவாயி. 1993இல், மல்யுத்தத்தின் வருடாந்தரப் பெருவிழாவான ரெஸில்மேனியாவில் அவர் ஜெயிக்க, எதிராளி பிரெட் ஹார்ட் கண்ணில் உப்பை வாரி இறைத்தாரே மேனேஜர் மிஸ்டர் ஃபுஜி, அவராவது ஜப்பானா? அவரும் ஹவாயில் பிறந்தவர்!

இறகுக் கிரீடத்தோடு போர் நடனம் ஆடிய செவ்விந்தியத் தலைவர் ஜே ஸ்ட்ராங்போ? இத்தாலிய வம்சாவளி ஜோ ஸ்கார்பா. 2005 வாக்கில் அரபு அமெரிக்கராக வந்து வசவு வாங்கிய முகமது ஹசன்? அவரும் இத்தாலிய வம்சாவளிதான்! எந்த இனத்துக்கு ஆள் தேவைப்பட்டாலும் ஓர் இத்தாலியரைக் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது.

இதையெல்லாம் மிஞ்சியவர் கோஃபி கிங்ஸ்டன். 2008இல் 'ஜமைக்காவிலிருந்து வருகிறார்' என்று அறிமுகமாகி, ஜமைக்கா இழுவையோடு ஆங்கிலம் பேசினார். ஆனால் பிறந்தது ஆப்பிரிக்காவின் கானாவில். பெயரே காட்டிக் கொடுக்கிறது, பாருங்கள்! கானாவின் அகான் மக்கள், வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் குழந்தைக்கு வைக்கும் பெயர் கோஃபி. அவர் பிறந்தது 1981 ஆகஸ்ட் 14. பழைய காலண்டரைப் புரட்டிப் பாருங்கள், வெள்ளிக்கிழமையேதான்!

2009இல் அந்த இழுவை காணாமல் போனது. ஊர் கானா ஆனது. பிறகு பத்து வருடக் காத்திருப்பு. 2019 ஏப்ரல் 7, நியூ ஜெர்சியில் டேனியல் பிரையனை வீழ்த்தி, ஆப்பிரிக்காவில் பிறந்த முதல் டபிள்யூடபிள்யூஇ (பழைய டபிள்யூடபிள்யூஎஃப்தான்) சாம்பியன் ஆனார். சுற்றுச்சூழல் பேசிய பிரையன் வைத்திருந்ததோ சணல் பெல்ட்! அதை ஒதுக்கிவிட்டு, கூட்டாளிகள் பழைய பெல்ட்டையே கொண்டுவந்து கோஃபியிடம் கொடுத்தார்கள். அவருடைய மகன்களும் மேடையேறிவிட்டார்கள். அதே இரவின் கடைசி ஆட்டம் பெண்களுக்கு. ரெஸில்மேனியா வரலாற்றில் அதுவே முதல்முறை!

பெண்கள் ஆட்டம் என்றதும் உடைகளும் நினைவுக்கு வருகின்றன. ஹரியானாவின் கவிதா தேவி 2017இல் சல்வார் கமீஸிலேயே களமிறங்கினார். தோற்றார்; ஆனாலும் அந்த உடை மறக்குமா? இன்னொரு வீராங்கனை பியான்கா பெலேர் தன் உடையைத் தானே தைத்துக்கொள்பவர். 2021 ரெஸில்மேனியாவில் தன் நீண்ட பின்னலையே சாட்டையாக்கி சாஷா பேங்க்ஸை விளாசினார் பாருங்கள், அந்தச் 'சடார்' அரங்கமெங்கும் கேட்டது!

திரும்பவும் யோகோசுனா வீட்டுக்கு வருவோம். அந்தக் குடும்பத்து அஃபா, சீகா சகோதரர்களை எண்பதுகளில் பச்சை மீனைக் கடித்துத் தின்னும் காட்டுவாசிகளாக ஆடவிட்டார்கள். 2020 அக்டோபரில் சீகாவின் மகன் ரோமன் ரெயின்ஸ் ஜெயித்து நின்றபோது, அதே இருவர் வயதான காலத்தில் மேடைக்கு வந்தார்கள். சமோவாவில் தலைவர்கள் அணியும் 'உலா ஃபாலா' என்ற சிவப்பு மாலை ரோமன் கழுத்தில் ஏறியது. அந்த மாலை எதில் செய்தது தெரியுமா? நம் கடலோரத் தாழையின் இனத்தைச் சேர்ந்த பழத்தில்!