செயலியை இறக்கும் முன் சுமையை இறக்குங்கள்

ஹெந்தளையில் இருந்து கொழும்புக்கு வேலைக்குப் போய்வரும் பலருக்கு, பஸ்ஸை விட்டு இறங்கியதோடு நாள் முடிவதில்லை. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கந்தோர் வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு செய்தி வந்து விழும்: “நாளைக் காலை ஒன்பதுக்கு முன் அறிக்கை வேண்டும்.” அதன் கீழே ஒவ்வொருவராக “ஓகே சேர்” போடுவார்கள். போடாதவர் யார் என்பது தானாகவே தெரிந்துவிடும். ஆகவே வலது கையில் பிசைந்த சோறு இருக்க, அவரும் இடது கைப் பெருவிரலால் “ஓகே” தட்டிவிடுவார்.

இப்போது சில நிறுவனங்கள் அதே தொலைபேசியில் மனநலச் செயலி ஒன்றையும் போட்டுத் தருகின்றன. தொழில்நுட்பத்தால் வந்த அழுத்தத்தைத் தொழில்நுட்பமே தீர்க்குமா? ஓரளவுக்குத் தீர்க்கும். ஆனால் எதை முதலில் செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கந்தோர் வீட்டுக்கு வந்த கதை

2020இல் ஊரடங்கு வந்தபோது மடிகணினியும் வீட்டுக்கு வந்தது. 2022இல் எரிபொருள் வரிசையும், நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை நீண்ட மின்வெட்டும் சேர்ந்துகொள்ள, மறுபடி வீட்டில் இருந்தே வேலை. அந்த நெருக்கடியில் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன வேலை, இருந்தவர்களின் தலையில் விழுந்தது.

லண்டன் நிறுவனங்களுக்கு வேலை செய்பவர்களின் நிலை இன்னும் சிக்கல். அங்கே மாலை ஐந்து மணி என்றால் இங்கே இரவு பத்தரை. அவர்களின் கோடையில் ஒன்பதரை. அவர்களின் கடைசி மின்னஞ்சல் நம்முடைய தூக்க நேரத்தில் வருகிறது.

நம் நாட்டின் 1954ஆம் ஆண்டுக் கடை, கந்தோர் ஊழியர் சட்டம் நாளுக்கு எட்டு மணிநேரம், கிழமைக்கு 45 மணிநேரம் என்று சாதாரண வேலைநேரத்தை வரையறுக்கிறது. அதற்கு மேலே போனால் என்ன ஆகும்? உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழில் அமைப்பும் 2021இல் கூட்டாக வெளியிட்ட ஆய்வு விடை சொல்கிறது. கிழமைக்கு 55 மணிநேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணிநேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 வீதமும், மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 வீதமும் அதிகம். படுக்கையில் கிடந்தபடி பதில் எழுதும் நேரமும் வேலை நேரம்தான்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

வேலையால் வரும் உளச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் நோய் என்று சொல்வதில்லை. தொழில் சார்ந்த நிலை என்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள்: சக்தி வற்றிப்போன களைப்பு, வேலைமீது வெறுப்பும் ஒட்டாத தன்மையும், எதைச் செய்தாலும் சரிவரவில்லை என்ற எண்ணம்.

இது முற்றினால் மனச்சோர்வாகவோ பதகளிப்பாகவோ மாறலாம். தூக்கம் கெடுதல், பசி குறைதல், காரணமில்லாத எரிச்சல், பிள்ளைகளிடம் சள்ளென்று விழுதல், முன்பு பிடித்தவற்றில் நாட்டம் இல்லாமல் போதல் போன்றவை இரண்டு கிழமைக்கு மேல் தொடர்ந்தால் வைத்தியரைப் பார்க்க வேண்டும். வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்தால் இரண்டு கிழமை காத்திருக்கக் கூடாது. அன்றே யாரிடமாவது சொல்ல வேண்டும்.

கையில் உள்ள கருவிகளே போதும்

புதிய செயலி வாங்குவதற்கு முன், கந்தோரில் ஏற்கெனவே உள்ள மென்பொருள்களைப் பாருங்கள். செலவில்லாத பல வசதிகள் அவற்றில் தூங்கிக்கொண்டிருக்கின்றன.

• ஜிமெயில், அவுட்லுக் இரண்டிலும் மின்னஞ்சலை எழுதிவைத்து, காலையில் போகும்படி நேரம் குறிக்கலாம். மேலாளருக்கு இரவு பதினொன்றுக்கு யோசனை வந்தால் அப்போதே எழுதட்டும். ஊழியருக்கு அது காலை எட்டரைக்குப் போகட்டும்.

• கூட்டங்களைத் தானாகவே ஐந்து, பத்து நிமிடம் முன்னதாக முடிக்கும் அமைப்பு அவுட்லுக்கில் உண்டு. மைக்ரோசொப்ட் 2021இல் 14 பேரின் மூளை அலைகளை அளந்து பார்த்தது. இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்துக் கூட்டங்களில் இருந்தவர்களிடம் அழுத்தத்தின் அடையாளம் ஏறிக்கொண்டே போனது. இடையில் பத்து நிமிட ஓய்வு எடுத்தபோது அது ஏறவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் பின்பற்றச் செலவில்லை.

• வட்ஸ்அப் குழுமத்தை வேலை நேரத்துக்குப் பின் சத்தமில்லாமல் வைக்கலாம். உண்மையான அவசரத்துக்கு மட்டும் தொலைபேசி அழைப்பு என்று பிரிவுக்குள் பேசி முடிவெடுத்தால், செய்தி பார்க்காதவர் குற்றவாளி ஆகமாட்டார்.

இதைத் தனிமனிதரின் கட்டுப்பாட்டில் விடாமல் நிறுவனமே செய்த உதாரணங்களும் உண்டு. ஜெர்மனியின் வொக்ஸ்வாகன் 2011இல் ஒரு பகுதி ஊழியர்களுக்கு வேலை முடிந்து அரை மணிநேரத்துக்குப் பின் மின்னஞ்சல் போகாதபடி சேவையகத்திலேயே தடுத்தது. பிரான்ஸ் 2017இலும் அவுஸ்திரேலியா 2024இலும் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையைச் சட்டத்தில் எழுதின.

மனநலச் செயலிகள் எவ்வளவு உதவும்?

மூச்சுப் பயிற்சி, தூக்கக் குறிப்பேடு, எண்ணங்களை எழுதிப் பார்த்தல் போன்றவற்றுக்குச் செயலிகள் துணையாக இருக்கும். பெங்களூரில் பிறந்த ‘வைசா’ போன்ற உரையாடல் செயலியை நள்ளிரவிலும் திறந்து பேசலாம், வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் எல்லா இயந்திரப் பதிலும் பாதுகாப்பானது அல்ல. அமெரிக்காவில் உணவுப்பழக்கக் கோளாறு உள்ளவர்களுக்கு உதவும் சங்கம் ஒன்று, தன் உரையாடல் இயந்திரம் அவர்களுக்கே எடை குறைக்கும் யோசனை சொன்னதால் 2023இல் அதை நிறுத்தவேண்டி வந்தது.

இன்னொரு ஆய்வை ஒவ்வொரு மனிதவள முகாமையாளரும் அறிந்திருக்க வேண்டும். பிரித்தானியாவில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் பதில்களை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் ஆராய்ந்து 2024இல் வெளியிட்டார். நல்வாழ்வுச் செயலி, மனவலிமைப் பயிற்சி முதலியவற்றில் பங்குபற்றியவர்கள், பங்குபற்றாதவர்களைவிட நன்றாக இருக்கவில்லை. மூன்று பேரின் வேலையை ஒருவர் செய்யும் இடத்தில் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது, ஓட்டை வாளிக்கு மூடி போடுவது போன்றது.

சொன்னது யார் காதுக்குப் போகிறது?

“நான் எழுதுவதை சேர் பார்ப்பாரா?” என்ற சந்தேகம் இருக்கும்வரை எந்தச் செயலியும் பலன் தராது. அந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட. பெட்டர்ஹெல்ப் என்ற இணையவழி உளவளத்துணை நிறுவனம், பாவனையாளர் தகவலை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்றவற்றுக்குக் கொடுத்த விவகாரத்தில் 2023இல் 78 இலட்சம் டொலர் கட்ட உடன்பட்டது. கணினித் திரையைப் படம்பிடித்தும், விசைப்பலகைத் தட்டல்களை எண்ணியும் ஊழியரைக் கண்காணிக்கும் மென்பொருளை வைத்துக்கொண்டு, அதே கணினியில் “மனம் எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் யார் உண்மை சொல்வார்?

ஜப்பான் இதற்கு நல்ல வழி கண்டது. 2015 டிசம்பரில் இருந்து, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தப் பரிசோதனை கட்டாயம். அதன் முடிவு ஊழியருக்கே நேரடியாகப் போகும். அவர் சம்மதிக்காமல் முதலாளிக்குக் கொடுக்க முடியாது. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவாக வைத்திருக்கிறது. செயலி தரும் நிறுவனம் யார் எதைப் பார்க்கலாம் என்பதை எழுத்தில் தர வேண்டும். ஊழியரும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

வெளியே தெரிந்துவிடும் என்ற பயத்தில் மறைப்பதால் வரும் கேட்டை ஹெந்தளைக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒல்லாந்தர் 1708இல் கட்டிய தொழுநோய் வைத்தியசாலை இங்கேதான் இருக்கிறது. நோயின் பெயருக்கே ஊர் பயந்த காலத்தில், பயத்தில் ஒளித்தவர்கள் அங்கவீனப்பட்டார்கள். இன்று நேரத்தோடு மருந்து எடுத்தால் தொழுநோய் முற்றாகக் குணமாகும். மனச்சோர்வும் அப்படித்தான்: நேரத்தோடு சொன்னால் சிகிச்சை சுலபம்.

உதவி எங்கே?

• 1926: அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசிச் சேவை. 24 மணிநேரமும் இயங்கும்.

• 1333: இலவச உளவளத்துணை அழைப்பு.

• சுமித்ரயோ: 1974 முதல் இயங்கும் தொண்டு அமைப்பு. புத்திமதி திணிக்காமல், காது கொடுத்துக் கேட்பார்கள். சொன்னது வெளியே போகாது.

• வத்தளை, ஹெந்தளைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ராகமையில் உள்ள கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலை கிட்டியது. அரச வைத்தியசாலை மனநலக் கிளினிக்குகளில் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை.

உங்கள் கந்தோரில் மனநலச் செயலி அறிமுகமானால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது என் வேலைச் சுமையைக் குறைக்குமா? நான் சொல்வது யாருக்குத் தெரியவரும்? ஆபத்து என்றால் மறுமுனையில் ஒரு மனிதர் பேசுவாரா? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் தாராளமாகப் பாவியுங்கள். வராவிட்டால், 1926ஐ இன்றே தொலைபேசியில் பதிந்து வையுங்கள். பக்கத்து மேசைக்காரருக்கும் சொல்லுங்கள்.