சுகர் நோட்டில் ஒரு புள்ளிக் கோலம்!

"ராத்திரி லேட்டா சாப்பிட்டா காலையில சுகர் ஏறத்தானே செய்யும்?" அம்மா தினமும் அப்பாவிடம் போடும் சண்டை இது. சுகர் நோட்டை வைத்தே பார்த்துவிடலாமே! அமெரிக்காவில் படிக்கும் பேரனிடம் டி.ஐ.-84 கிராஃப் கால்குலேட்டர் இருந்தால் வாங்குங்கள். 'ஸ்டாட்' அமுக்கி 'எடிட்' போய், எல்1-ல் சாப்பிட்ட நேரம், எல்2-ல் மறுநாள் வெறும் வயிற்று அளவு. எட்டரை மணியை 8.30 என்று போட்டுவிடாதீர்கள், 8.5! (இங்கேதான் கோட்டை விடுவோம்.) 'ஸ்டாட் பிளாட்'டில் பிளாட் 1-ஐ ஆன் செய்து, 'ஜூம்' போய் 9-ஐ அமுக்கினால் புள்ளிகள் சிதறி விழும். வலப்பக்கம் போகப் போக அவை மேலே ஏறினால் அம்மா சொன்னதில் விஷயம் இருக்கலாம். ஆனாலும், லேட்டான நாட்களில் ஹோட்டல் பரோட்டாவும் சேர்ந்திருக்குமோ? ஒரு புள்ளி மட்டும் உச்சியில் தனியே நின்றால் அழிக்காமல், அன்று மாத்திரை மறந்தாரா, காய்ச்சலா என்று கேளுங்கள். படத்தைப் பார்த்து நீங்களே மாத்திரையைக் கூட்டிக் குறைக்க வேண்டாம். நோட்டோடு டாக்டரிடம் காட்டுங்கள்.