புளிய மரத்தடியில் செடி வராதது ஏன்? காரணம் பேய் இல்லை!

சிங்காரப்பேட்டை:-

ஊத்தங்கரை தாலுகா சிங்காரப்பேட்டை பக்கம் வீடு கட்டுபவர்கள் வாசலில் புளியங்கன்று வைக்க யோசிப்பார்கள். "பேய் குடியிருக்கும், அடியில புல்லுகூட மொளைக்காது" என்பது பெரியவர்கள் பேச்சு.

பேய் சும்மா கதை. ராத்திரியில் இலை மூடிக்கொள்வதும் அந்த மரத்தின் இயல்புதான். ஆனால் செடி வராது என்பதில் உண்மை இருக்கிறது. நிழல் கெட்டி. வேர் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். போதாததற்கு இலையிலும் வேரிலும் இருந்து மண்ணில் இறங்கும் சாறு மற்ற செடிகளின் வளர்ச்சியை அடக்குவது ஆராய்ச்சியில் தெரிந்திருக்கிறது. அமெரிக்காவின் கருப்பு வால்நட் மரமும் இதே ஜாதிக்குணம். அதன் வேரிலும் காய்த்தோலிலும் உள்ள ஜக்லோன் என்ற பொருளால் பக்கத்தில் வைத்த தக்காளிச் செடி வாடிப்போகும்.

அதற்காக புளியை ஒதுக்க வேண்டாம், காசு தரும் மரம். கொட்டை போட்டு வந்த கன்று காய்க்க 8 வருஷத்துக்கு மேல் ஆகும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம்.1 ஒட்டுக்கன்று 4-வது வருஷமே காய்க்கத் தொடங்கும். நம்ம மாவட்டத்து உரிகம் பெயரிலேயே ஒரு ரகம் உண்டு.

மரத்துக்கு மரம் 10 மீட்டர், அதாவது 33 அடி விட வேண்டும். 3 சென்ட் மனையின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே வீட்டை ஒட்டி வேண்டாம், மானாவாரிக் காடு இருந்தால் வைக்கலாம். கன்று சின்னதாக இருக்கும் முதல் சில வருஷம் நடுவில் நிலக்கடலை, உளுந்து போடலாம். நிழல் கட்டிய பிறகு போட்டால் விதைக்காசுகூட திரும்பாது.