பழைய பம்புசெட்டு பேரிங்: எதற்கு எண்ணெய், எதற்குக் கிரீஸ்?

பயிர் தண்ணீருக்குக் காத்திருக்கும் நேரத்தில் பேரிங் இறுகி மோட்டார் நின்றால் மகசூல் பாதிக்கும். பழைய பம்பு, மோட்டார்களில் இருவகை பேரிங்குகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஏற்றதையே இடவேண்டும்.

எண்ணெய் வளையமுள்ள புஷ் பேரிங்குக்கு எண்ணெயே ஏற்றது. தண்டுடன் சுழலும் வளையம் தொட்டியிலுள்ள எண்ணெயை மேலே கொண்டுவருகிறது. கெட்டியான கியர் ஆயிலை ஊற்றினால் வளையம் சரிவரச் சுழலாது. பொதுவாக 32 அல்லது 68 எண் இயந்திர எண்ணெய் போதுமானது. கழிவு ஆயிலை ஊற்றக்கூடாது. அதிலுள்ள உலோகத் துகள்கள் தண்டைக் கீறிவிடும்.

பால் பேரிங்குக்கு லித்தியம் கிரீஸ் நல்லது. கால்சியம் சேர்ந்த சாதாரணக் கப் கிரீஸ் சுமார் 60 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் தாங்காது. பேரிங் கூட்டின் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கிரீஸ் இருந்தால் போதும். நிறைய அடைத்தால் கிரீஸ் கடைபட்டுச் சூடேறி உருகி வழியும். வேறுவகைக் கிரீஸுக்கு மாறும்போது பழையதை மண்ணெண்ணெயில் கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே புதியதை இடவும்.

மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸைக் கழற்றிய பிறகே இவ்வேலையைத் தொடங்கவேண்டும். நீர்மூழ்கி மோட்டாருக்கு இம்முறை பொருந்தாது.

சரியான மசகைச் சரியான அளவில் இட்டால் பழைய பம்புசெட்டும் நீடித்து உழைக்கும்.