பழுதான டிவியின் சர்க்யூட் போர்டில் ஒட்டியிருக்கும் குட்டிப் பொருள் ஒவ்வொன்றும் என்ன? தெரியுமா?

குரோம்பேட்டை எம்.ஐ.டி., 1949-ல் சி. ராஜம் தொடங்கியபோதே எலெக்ட்ரானிக்ஸைப் பாடமாக வைத்த கல்லூரி, தெரியுமா? அங்கே எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்தான் எழுத்தாளர் சுஜாதா! பிறகு பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்கும் பங்கு உண்டு! அப்படிப்பட்ட கல்லூரி இருக்கும் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு, பழுதான போர்டைப் பார்த்ததும் ‘தூக்கிப் போடு’ என்று சொல்லலாமா? பெயர் தெரியாத பொருளின் ஜாதகம் பெரும்பாலும் அதன் மேலேயோ பக்கத்திலோ அச்சாகியிருக்கிறது!

பொருளுக்குப் பக்கத்தில் போர்டில் அச்சாகியிருக்கும் எழுத்தே பாதி விடை, தெரியுமா? ‘ஆர்’ என்றால் ரெசிஸ்டர், ‘சி’ கண்டன்சர், ‘டி’ டயோடு, ‘கியூ’ டிரான்சிஸ்டர், ‘யு’ ஐசி!

எள்ளளவு ரெசிஸ்டரில் ‘103’ என்று இருந்தால் 103 ஓம் அல்ல! 10-க்குப் பின் 3 பூஜ்யம். அதாவது 10,000 ஓம்! வெறும் ‘0’ மட்டும் இருந்தால்? மின்சாரத்தைக் கிட்டத்தட்ட தடுக்கவே தடுக்காத ரெசிஸ்டர்! போர்டில் ஒரு மின்தடத்தைத் தாண்டி மறுபக்கம் போக, இயந்திரமே எடுத்து வைக்கும் பாலம் அது!

உருளைக் கண்டன்சரில் பட்டைக் கோடு இருக்கும் பக்கம் மைனஸ். டாண்டலம் கண்டன்சரிலோ கோடு இருக்கும் பக்கம் பிளஸ்! மாற்றி வைத்தால் வெடிக்கவும் செய்யும்!

‘32.768’ என்று எழுதிய சின்ன உலோக உருளை, கடிகாரத்தின் குவார்ட்ஸ் படிகம்! நொடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண்ணை 15 தடவை பாதியாக்கிப் பாருங்கள்: சரியாக 1! நம் ஒரு நொடி பிறப்பது அங்கேதான்!

கரண்ட் நுழையும் இடத்தில், ஃபியூஸுக்குப் பக்கத்தில், பொட்டு மாதிரி நீல வட்டு ஒன்று நிற்கிறதா? கண்டன்சர் என்று ஏமாறாதீர்கள்! ‘10டி471’ என்ற எழுத்தைத் தேடுங்கள். 10 மில்லிமீட்டர் விட்டம். 47-க்குப் பின் ஒரு பூஜ்யம், 470 வோல்ட். அதுதான் வாரிஸ்டர்! சாதாரண நாளில் சும்மா இருக்கும். ஐப்பசி இடிமழையில் வோல்டேஜ் எகிறினால், அந்த மின்சாரத்தைத் தன் வழியே இழுத்து, தேவைப்பட்டால் ஃபியூஸைப் போகவைத்து, டிவியைக் காப்பாற்றும்! பல நேரம் தானே கருகிப்போகும். கருகிய வட்டைப் பார்த்தால் போர்டே செத்தது என்று முடிவு கட்டாதீர்கள். அது காவல் காத்த அடையாளம்!

ஆனால் ஜாக்கிரதை! பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டிவி, எல்இடி போர்டுகளின் பெரிய கண்டன்சரில் சுமார் 325 வோல்ட் தங்கியிருக்கலாம், தெரியுமா? வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டின் உச்சம் அதுதான்! கை வைப்பது பழகிய மெக்கானிக்கின் வேலை. நம் வேலை, செல்போன் கேமராவில் பெரிதாக்கி அந்த எழுத்தைப் படிப்பது. படிக்கத் தெரிந்தவர் வீட்டில் எந்த போர்டும் அவசரப்பட்டுக் குப்பைக்குப் போகாது!